கீர்த்திச் சுவரின் எட்டாவது ஆணி

ஒருவன் செத்துவிட்டான் என்று நிரூபிப்பது இவ்வளவு சிரமமான வேலை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோரிப்பாளையம் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

என் பெயர் சுருளி. துப்பறியும் முகம்மது கனிக்கு உதவியாளன். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். எங்கள் தொழில் இப்படித்தான் நாலு வருஷமாக ஓடுகிறது. காணாமல் போன காளை, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளை என்று உயிருள்ள ஜீவன்களைத் தேடிப் பழகிய எங்களுக்கு, 1937ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் முதல்முறையாக ஒரு பிணத்தைத் தேடும் வேலை வந்தது.

வேலை கொடுத்தது சடுகுடு சங்கம். கோரிப்பாளையத்தில் முஜிபுர் ரஹ்மான் பாயின் அத்தர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பாய்தான் தலைவர். அங்கே ஒரு சுவர் உண்டு. மதுரை ஜில்லாவின் மகா சடுகுடு வீரர்கள் ஏழு பேரின் படங்கள் அதில் மாலையோடு தொங்கும். அதற்குக் கீர்த்திச் சுவர் என்று பெயர். எட்டாவதாக ஓர் ஆணி அடித்து ஆறு மாதமாகிறது. அந்த ஆணிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஐந்து கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஆறு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

நாங்கள் மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது.

"தலைய எண்ணுங்கய்யா! நூறு பேரத் தொட்டு அவுட்டாக்குனவனுக்குத்தான் சொவரு!"

"நூறு நோஞ்சானத் தொட்டா அது ஒரு கணக்கா? யாரத் தொட்டான்னு பாக்கணும்ல?"

"தொட்டது கெடக்கட்டும், ஆளு யோக்கியனா? அதச் சொல்லு மொதல்ல."

"சடுகுடு ஆடுறவனுக்கு எதுக்குய்யா யோக்கியம்? பொண்ணா குடுக்கப் போறோம்?"

பாய் மேஜையைத் தட்டினார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "வாங்க தம்பி கனி. எங்க விதி மொத்தம் நாலு. ஒண்ணு, ஜில்லாக்காரனா இருக்கணும். ரெண்டு, பத்து வருஷம் ஆடியிருக்கணும். மூணு, ஆட்டத்துல கள்ளத்தனம் பண்ணியிருக்கக் கூடாது. நாலு, செத்திருக்கணும்."

"செத்தே ஆகணுமா பாய்?" என்றேன் நான். "ரொம்பக் கண்டிப்பா இருக்கே."

"தோபா தோபா! அந்தக் கதைய ஏன் கேக்குற? ஆரம்பத்துல உசுரோட இருந்த ஒருத்தன் படத்தை மாட்டுனோம். மாட்டுன மறுவாரமே ஒரு சில்லறை டீம்கிட்ட அவுட்டாகி, போற வழியில கோழி திருடி மாட்டிக்கிட்டான். படத்தை இறக்குறதுக்குள்ள ஊரே கைகொட்டிச் சிரிச்சிருச்சு. செத்தவன் தோக்க மாட்டான், கோழியும் திருட மாட்டான். அதான் நாலாவது விதி."

இப்போது எட்டாவது ஆணிக்கு வந்திருக்கும் பெயர் எழுமலை விருமாண்டி. 1926இல் எழுமலைக்கும் மதுரைக்கும் நடந்த ஆட்டத்தில், தன் பக்கம் எல்லோரும் அவுட்டான பிறகு ஒற்றை ஆளாக இறங்கி, ஒரே மூச்சில் மதுரைக்காரர்கள் ஏழு பேரையும் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியவர். ரெண்டு மாதத்துக்கு முன் அவர் இறந்துவிட்டதாக அவருடைய தம்பி பேயாண்டி சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

"கடுதாசி யாரு வேணாலும் எழுதலாம்." மூலையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. கமிட்டி அங்கத்தினர் கருத்தக்கண்ணன். வக்கீல் குமாஸ்தா, மூக்கின் நுனியில் கண்ணாடி, காளைக்கழுத்து. "அத்தாட்சி வேணும். அத்தாட்சி இல்லாம விருமாண்டி செத்தான்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஓட்டும் போட மாட்டேன்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு ஓட்டு," என்றார் பாய் எங்களிடம். "நாளையோட கெடு முடியுது. விருமாண்டி இல்லைன்னா ஆணி கோச்சடைக்காரர் ஒருத்தருக்குப் போயிரும். அவரு சாகும்போது ஊரே கூட நின்னு பாத்துச்சு. அத்தாட்சிக்குப் பஞ்சமே இல்ல."

படியிறங்கும்போது நான் கேட்டேன், "அண்ணே, அந்தக் குமாஸ்தாவுக்கு ஏன் இம்புட்டு ஆங்காரம்?"

"அன்னைக்கு அவுட்டான ஏழு பேர்ல ஏழாவது ஆளு அவருதான் மாப்ள."

"அப்ப வயித்தெரிச்சல். கேஸ் முடிஞ்சது, வாங்க சாப்பிடப் போவோம்."

கனி அண்ணன் பதில் சொல்லவில்லை. நான் சரியாகச் சொன்னாலும் பதில் சொல்ல மாட்டார், தப்பாகச் சொன்னாலும் சொல்ல மாட்டார். அதனால் என் அறிவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உசிலம்பட்டி, அங்கிருந்து மாட்டுவண்டியில் எழுமலை. வண்டிக்காரரிடம் கனி அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்: "விருமாண்டி எப்படிண்ணே செத்தாரு?"

"பாம்பு கடிச்சிருச்சுங்க. நல்ல பாம்பு."

ஊர் முகப்பில் டீக்கடை. அங்கேயும் கேட்டோம். "கெணத்துல விழுந்துட்டாருங்க பாவம்," என்றார் கடைக்காரர். பக்கத்தில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை ஓங்கிக்கொண்டு, "கெணறா? காய்ச்சல்ல போனாருய்யா!" என்றார்.

"அண்ணே, ஒரு சாவுக்கே அத்தாட்சி கேட்டாக," என்றேன். "நாம மூணு சாவோட போகலாம். கோச்சடைக்காரருக்கு ஒண்ணுதான். நாமதான் முன்னால."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் குனிந்து டீ குடித்தார்கள். இரண்டு பேருக்குப் புரையேறியது.

விருமாண்டியின் வீடு ஊர்க்கோடியில். வாசலில் எங்களை வரவேற்றவர் தம்பி பேயாண்டி. நெஞ்சுவரை தாடி. தாடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் குறுகுறுவென்று இருந்தன. அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். "நான் இருபத்தஞ்சாம் வருசமே ரங்கூன் கப்பல் ஏறுனவன். இந்த மாசியிலதான் திரும்புனேன். வந்த ஒரு வாரத்துல அண்ணன் போயிட்டாரு. பாம்பு..." என் முகத்தைப் பார்த்தார். "காய்ச்சலும் இருந்துச்சு."

"கெணறு?" என்றேன்.

"பக்கத்துலதான்."

விருமாண்டியின் மனைவி அன்னக்கொடி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த அம்மாளோ சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்னைக்கும்மா தவறினாரு?" என்று கனி அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"அடுப்புல ஒல கொதிக்குது," என்று உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் அண்ணன் மறுபடி கேட்டார். மறுபடி அடுப்பு. மூன்றாம் முறையும் அடுப்பு. அவ்வளவு தடவை கவனித்தால் எந்தச் சோறும் குழைந்துவிடும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கவலை வீண். இலை போட்டு, சுடச்சுடச் சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். அப்படி ஒரு குழம்பை நான் என் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது கனி அண்ணன் என் காதருகே குனிந்தார். "இன்னைக்கு என்ன கெழம மாப்ள?"

"திங்க."

"திதி?"

"அமாவாச..." என்று சொல்லும்போதே என் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ரெண்டு மாதத்துக்கு முன் ஆள் போன வீட்டில், அமாவாசையன்று, காக்காய்க்குச் சோறு வைத்துப் படையல் போட வேண்டிய வீட்டில், கருவாடு மணக்கிறது. இலையில் இருந்ததை அப்படியே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, துப்பு துப்பாக இருக்கட்டும், குழம்பு குழம்பாக இருக்கட்டும் என்று சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவிவிட்டு வந்து கனி அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்தார். "ஒரு சங்கடம் பேயாண்டி அண்ணே. அந்த ஆட்டத்துல உங்க அண்ணன் ஏழாவது ஆளத் தொடவே இல்லைன்னு மதுரையில பேசிக்கிறாக."

தாடி நிமிர்ந்தது. "என்னது?"

"ஆறு பேரத்தான் தொட்டாராம். ஏழாவது ஆளு தானா வழுக்கி விழுந்துட்டாராம்."

"வழுக்கி விழுந்தானா?"

"சாணியில வழுக்கினதா கேள்வி."

"எந்தப் பய சொன்னது? சாணியாம்ல சாணி!" மனிதர் துள்ளி எழுந்தார். கட்டைவிரலால் முற்றத்து மண்ணில் ஒரு கோடு கிழித்தார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். "நீங்கதான் ஏழாவது ஆளு. இதான் வலது மூல. வெயிலு மூஞ்சியில அடிக்குதா? அன்னைக்கும் அவனுக்கு அப்படித்தான் அடிச்சது. நில்லுங்க!"

வேட்டியை வரிந்து கட்டினார். ஒரு மூச்சு இழுத்தார். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." தாடி இடது பக்கம் போனது. நானும் இடது பக்கம் திரும்பினேன். அவர் இடது பக்கம் இல்லை. என் வலது கணுக்காலில் ஏதோ சுண்டிவிட்டது போல் இருந்தது, அடுத்த நொடி கோழிக்கூடையோடு நான் மல்லாந்து கிடந்தேன். நான்கு கோழிகள் என் நெஞ்சின் மேல் நடந்து போயின. அவர் அதே மூச்சோடு கோட்டில் போய் நின்று விரலைத் தூக்கிக் காட்டினார். "இந்தா! இடது கால் கட்டவிரலு! கணுக்காலுக்கு ஒரு விரக்கட மேல! தொட்டதுக்குப் பெறகுதான் விழுந்தான், சாணியுமில்ல, சந்தனமுமில்ல!"

கனி அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். "பிரமாதம். இருபத்தாறுல மதுரையில நடந்த ஆட்டம். இருபத்தஞ்சுலயே கப்பலேறி ரங்கூன் போனவருக்கு, எந்த விரலு, எந்த மூல, வெயில் எந்தப் பக்கம் அடிச்சது, எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஏழு பேரத் தொட்டீக, சரி. உங்க வாயத்தான் கட்ட முடியல போலருக்கு, விருமாண்டி அண்ணே."

தூக்கிய விரல் தூக்கியபடியே நின்றது.

அன்னக்கொடி கரண்டியோடு வெளியே வந்தார். கழுத்தைச் சுற்றிய தலைப்பை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் சொருகினார். தாலி பளிச்சென்று தெரிந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகன்னு! ரெண்டு மாசமா இந்த மனுசன் கூத்துக்கு நான் வெந்து சாகுறேன். யாராச்சும் வந்து கேட்டா அந்த வார்த்தைய என் வாயால எப்படிச் சொல்றது? தாலியக் கழத்தி வைன்னாரு. கரண்டியாலயே ஒண்ணு வச்சேன்."

விருமாண்டி கோழிக்கூடையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். தாடியைப் பிய்த்துக்கொண்டார். "எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க. மாடு மேய்க்கிறேன், உழுகுறேன். எம் வாழ்க்கையில ஒரே ஒரு நாளுதான் ஊரு என்னையத் தோள்ல தூக்குச்சு. அந்தச் சொவத்துல எம் படத்த மாட்டுவாகளாம், ஆனா செத்த பெறகாம். செத்த பெறகு நான் எங்கிட்டுப் பாக்குறது? ரங்கூன்லயே கெடக்குற தம்பி பேரச் சொல்லிக்கிட்டு ஒரே ஒரு தடவ மாடியேறிப் பாத்துட்டு ஓடியாந்துரலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு மனிதன் தன் கீர்த்தியைக் கண்ணால் பார்க்கச் சாகத் தயாராக இருக்கிறான், அதுவும் மூன்று விதமாக. "அண்ணே, செத்துட்டாருன்னே எழுதிருவோம்ணே," என்றேன். "தாடியோட பாத்தா பாதி செத்த மாதிரிதான் இருக்காரு. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு."

"பொய் எழுத மாட்டேன் மாப்ள." கனி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா அத்தாட்சி கொண்டுவாரேன்னு சொல்லியிருக்கேன். அத்தாட்சியக் கொண்டுபோவோம். கெளம்புங்க, அம்மா நீங்களும்."

உசிலம்பட்டியில் பஸ் நின்ற இருபது நிமிஷத்தில் தாடி போயிற்று. வழியெல்லாம் விருமாண்டி தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். "ஆணி போயிரும்ல?" என்று நாகமலை வரைக்கும் எட்டுத் தடவை கேட்டார். கனி அண்ணன் எட்டுத் தடவையும் "தெரியலண்ணே" என்றே சொன்னார். அது நிஜம். அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மாடியில் ஐந்து பேரும் தயாராக இருந்தார்கள். மேஜையில் கோச்சடைக்காரரின் படம் மாலையோடு காத்திருந்தது.

"விருமாண்டி செத்ததுக்கு அத்தாட்சி கெடைச்சதா?" என்றார் பாய்.

"இல்ல பாய். சாகாததுக்குத்தான் கெடைச்சது," என்றார் கனி அண்ணன். கதவைத் திறந்தார்.

விருமாண்டி உள்ளே வந்தார். ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "யா அல்லா!" என்றார் பாய். கருத்தக்கண்ணன் மட்டும் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எழுந்து வந்து விருமாண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து இடது கால் கட்டைவிரலைப் பார்த்தார். வக்கீல் குமாஸ்தா ஆயிற்றே, ஆள்மாறாட்டக் கேஸ் எந்த செக்‌ஷனில் வரும் என்று சொல்லப்போகிறார் என நினைத்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"அதே வெரலு," என்றார் அவர். அடுத்த நொடி விருமாண்டியை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார். "உசுரோடதான் இருக்கியா படுபாவி! எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்யா!"

"கண்ணன், என்னய்யா இது?" என்றார் பாய். "நீதானே ரெண்டு மாசமா..."

"பாய், பதினோரு வருசமா தெனம் காலையில எந்திரிச்சு நூறு தண்டால் எடுக்குறேன். எதுக்கு? இவன் கால ஒரு தடவ பிடிக்கிறதுக்கு! என்னைக்காச்சும் மதுரைக்கு வருவான்னு இருந்தேன். செத்துட்டான்னு கடுதாசி வந்தா நான் எப்படி ஒத்துக்குவேன்? அத்தாட்சி அத்தாட்சின்னு கத்துனது வயித்தெரிச்சல்னு நெனச்சீகளா?"

நான் மேல்கூரையைப் பார்த்தேன். கனி அண்ணன் என்னைப் பார்த்தார். முதல்முறையாக என் அறிவுக்கு ஒரு பதில் கிடைத்தது.

"அதெல்லாம் சரி, ஆனா நாலாவது விதி?" என்றார் ஒரு அங்கத்தினர். "உசுரோட இருக்கிறவன் நாளைக்குத் தோப்பான். சொவருக்குத்தான் அசிங்கம்."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே பாத்துருவோம்." கருத்தக்கண்ணன் ஏற்கனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு பாட்டம். வாரியா?"

விருமாண்டி சுவரைப் பார்த்தார். தோற்றால் ஆணி போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "வாரேன்," என்றார்.

நாற்காலிகள் மூலைக்குப் போயின. பாய் சுண்ணாம்பால் கோடு போட்டார். "சடுகுடு சடுகுடு..." விருமாண்டி இறங்கினார். கீழே கடையில் அத்தர் குப்பிகள் கிணுகிணுத்தன. இடது பக்கம் போவது போல் காட்டினார். கருத்தக்கண்ணன் திரும்பவில்லை. பதினோரு வருஷமாக இந்த ஒரு கணத்துக்காகத்தான் திரும்பாமல் பழகியிருந்தார். பாய்ந்து வலது காலைக் கவ்வினார். விருமாண்டி விழுந்தார், தவழ்ந்தார், கோட்டுக்குக் கையை நீட்டினார். ஒரு சாண் இருந்தது. "சடு...கு..." மூச்சு நின்றது.

விருமாண்டி குப்புறக் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்னக்கொடி வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீகளா? இதுக்குத்தான் நாலாவது விதி," என்றார் அந்த அங்கத்தினர்.

"யோவ், வாய மூடு!" தரையிலிருந்தே கருத்தக்கண்ணன் கத்தினார். காலை விடவில்லை. மூச்சு இரைத்தது. "நான் பிடிச்சது நாப்பத்தெட்டு வயசு ஆள. அதுக்கு எனக்குப் பதினோரு வருசத் தண்டால் தேவப்பட்டுச்சு. அன்னைக்கு எங்க ஏழு பேரையும் ஒரே மூச்சுல எடுத்தான்யா இவன்! இன்னைக்குத் தோத்ததால அது இல்லைன்னு ஆயிருமா? தொடப்பட்டவன் நான் சொல்றேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் ஒங்களுக்கு?"

ஒரு கையால் காலைப் பிடித்தபடியே மறு கையை உயர்த்தினார். "விருமாண்டிக்கு என் ஓட்டு!"

இன்னொரு கை உயர்ந்தது. இன்னொன்று. குறை சொன்ன அங்கத்தினரின் கை கொஞ்சம் யோசித்துவிட்டு உயர்ந்தது. பாய் ஒரு கையை உயர்த்திக்கொண்டு, மறு கையால் விதிப் புத்தகத்தில் நாலாவது வரியை அடித்தார். மை கொஞ்சம் சிந்தியது, அவர் கவலைப்படவில்லை.

விருமாண்டி தலையைத் தூக்கினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "படத்த மாட்டும்போது... நானும் வந்து பாக்கலாங்களா?"

"பாக்குறதா? நீங்களே ஏணியில ஏறி மாட்டணும் விருமாண்டி," என்றார் பாய்.

அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "அதான் எல்லாம் ஆச்சுல்லய்யா. இப்பவாச்சும் அவுக கால விடுங்க."

கருத்தக்கண்ணன் அந்தக் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் இரு தாயி. பதினோரு வருசமாச்சு."